டியூலிப் கேள்வியில் போன 5 மதிப்பெண்

முதுகலையில் கொய்மலர்ப் பாடம் (காம்போடு வெட்டி விற்கும் பூக்களின் சாகுபடி) எடுத்தவர்களுக்கு வெப்பநிலைப் பகுதி எப்படி இருக்கும் என்று தெரியும். ரோஜாவுக்கு ராத்திரி 15 முதல் 18 டிகிரி, செவ்வந்திக்கு 16, கார்னேஷனுக்கு 10 முதல் 12 என்று நீண்டுகொண்டே போகும் அட்டவணை. அதை ஒரு சார்ட்டில் எழுதி, விடுதி அறைக் கதவில் ஒட்டி, போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தேன். முதல் இடைத்தேர்வில், டியூலிப்புக்குக் குளிர் சேமிப்பு எதற்கு என்று 5 மதிப்பெண் கேள்வி. "பூ மொட்டு உருவாகக் குளிர் தேவை" என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஒரு மதிப்பெண்கூட வரவில்லை.

வராததுதான் சரி. டியூலிப்பில் பூ உருவாவது குளிரில் இல்லை. இலை காய்ந்து பல்பை, அதாவது வெங்காயம் போன்ற அதன் கிழங்கை, தோண்டி எடுத்தபிறகு, 17 முதல் 20 டிகிரி வெதுவெதுப்பில் பல்புக்குள்ளேயே இதழ், மகரந்தம், சூலகம் எல்லாம் உருவாகிவிடுகின்றன. அப்புறம் 5 முதல் 9 டிகிரியில் 12 வாரத்துக்கு மேல் வைக்கிறார்களே, அந்தக் குளிர் காம்பு நீள்வதற்கு. குளிர் போதவில்லை என்றால் காம்பு எழும்பாமல் பூ இலைகளுக்குள்ளேயே முடங்கிவிடும். ஈஸ்டர் லில்லியில் இது அப்படியே தலைகீழ்: முதலில் குளிர், தளிர் மண்ணுக்கு மேலே வந்தபிறகுதான் பூ மொட்டு.

அன்றைக்கே சார்ட்டைக் கிழித்துவிட்டேன். புதிதாக எழுதியதில் ஒவ்வொரு பூவுக்கும் மூன்றே கேள்விகள். மொட்டு எப்போது உருவாகிறது, எப்போது உறங்குகிறது, எப்போது வளர்கிறது? டிகிரி கணக்கு அதற்குப் பிறகுதான். பியோனியை இப்படிப் பார்த்தால் ஒரே நாளில் புரிந்துவிடும். இந்த வருடம் பூத்து முடிந்ததும், மண்ணுக்கடியில் இருக்கும் கண்களில் (முளை மொட்டுகளில்) அடுத்த வருடப் பூ உருவாகத் தொடங்குகிறது. பனிக்காலக் குளிர் அதன் உறக்கத்தைக் கலைக்கத்தான். அலாஸ்காவில் வசந்தம் தாமதமாக வருவதால், மற்ற இடங்களில் பியோனி முடிந்துபோன ஜூலை, ஆகஸ்டில் அங்கே பூக்கிறது. அதை நம்பியே அங்கு ஒரு ஏற்றுமதித் தொழில் வளர்ந்திருக்கிறது.

புத்தகத்தோடு நிற்காமல் ஒரு பாலிஹவுஸுக்காவது (பிளாஸ்டிக் தாள் போர்த்திய பூக்கூடாரம்) போய் வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கார்னேஷனில் புல்லி (இதழ்களைச் சுற்றியிருக்கும் பச்சை உறை) வெடிப்பது ஏன் என்பதை நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஜனவரிக் காலையில்தான் புரிந்துகொண்டேன். நிறம் காட்டத் தொடங்கிய மொட்டுகளுக்கு ஒரு அக்கா வரிசையாகச் சின்ன ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டே போனார். மாட்டாத ஒரு மொட்டைத் திருப்பிக் காட்டினார்: பச்சைக் குழாய் ஒரு பக்கம் கீழ்வரை கிழிந்து, இதழ்கள் அந்த வழியாகப் பிதுங்கித் தொங்கின. "ராத்திரி பனி, பகல்ல சுள்ளுனு வெயில். இப்படி இருந்தா வெடிக்கும் தம்பி" என்றார். மொட்டு இளசாக இருக்கும்போது படும் குளிர் உள்ளே இதழ்களை அதிகமாக்குகிறது. பிறகு பகல் சூட்டில் அவ்வளவு இதழும் வேகமாக விரிய, புல்லி தாங்குவதில்லை. கேள்வியில் "காரணம்" என்று கேட்டால் இந்த இரண்டையும் எழுதுங்கள். "வெப்பநிலை ஏற்ற இறக்கம்" என்ற ஒற்றை வரிக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும்.

ரோஜாவிலும் இதே கதைதான். குளிரில் இதழ் கூடி மொட்டு மழுங்கிப்போவதை புல்ஹெட் என்பார்கள். வெயில் காலத்தில் மொட்டு சீக்கிரம் வரும், ஆனால் சின்னதாக, இதழ் குறைந்து வரும். ஓசூரில் பிப்ரவரி 14 காதலர் தினத்துக்காக டிசம்பரிலேயே நாள் எண்ணிக் கவாத்து செய்வதும் (கிளைகளை வெட்டிவிடுவதும்) இந்தக் கணக்கை வைத்துத்தான். குளிர் கூடினால் பூ தள்ளிப்போகும், சந்தை அதற்காகக் காத்திருக்காது.

செவ்வந்தியில் பகல் நீளத்தை மட்டும் எழுதிவிட்டு வெப்பத்தை விட்டுவிடாதீர்கள். பூப்பதற்குத் தேவையான குறும்பகலை (பகலைச் சுருக்கி இரவை நீட்டுவது) சரியாகக் கொடுத்தாலும், ராத்திரி 27 டிகிரியைத் தாண்டினால் மொட்டு தாமதமாகும்.

அல்ஸ்ட்ரோமீரியா என்ற பூவைப் பற்றிக் கேள்வி வந்தால் காற்றின் வெப்பத்தை எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். அங்கே குளிரை உணர்வது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. மண் 15 டிகிரியை ஒட்டி இருக்கும்வரை பூத்தண்டு வரும், மண் சூடேறினால் வெறும் இலைத்தண்டுதான். அதனால் விடையின் முதல் வரியிலேயே "மண் வெப்பநிலை" என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுங்கள்.