கருவூலம் காலியான இரவு

நேற்று இரவு ‘ரோம்: டோட்டல் வார்’ கணினி விளையாட்டில் சிராகூஸ் நகரைப் பிடித்தேன். அந்த மகிழ்ச்சி அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. கருவூலம் கடனில் விழுந்துவிட்டது. புதிதாக ஒரு வீரனைச் சேர்க்க முடியவில்லை, ஒரு கல்லை எடுத்து வைக்க முடியவில்லை.

2004இல் வந்த இந்த விளையாட்டின் போர்க்களங்களைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். என்னைக் கட்டிப்போட்டிருப்பது அதன் வரவு செலவுக் கணக்கு. கி.மு. 270இல் ரோமின் ஸ்கிப்பியோ குடும்பமாகத் தொடங்கினால், கையில் இருப்பவை கபுவா, மெசானா என்ற இரண்டு நகரங்கள் மட்டும். படை போரிட்டாலும் சும்மா நின்றாலும் பராமரிப்புச் செலவு குறையாது. வரியை ஏற்றினால் மக்கள் முணுமுணுப்பார்கள், நகரின் வளர்ச்சியும் தேயும். திரட்டும் ஒவ்வொரு வீரனும் அந்த நகரின் மக்கள்தொகையிலிருந்தே கழிகிறான். இந்த ஒரு விதியை வடிவமைத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது!

உண்மையான ரோமும் இதே இக்கட்டில் நின்றிருக்கிறது. வட ஆப்பிரிக்க வல்லரசான கார்த்தேஜுடனான முதல் போரின் இறுதியில் அரசுக் கருவூலம் வறண்டபோது, வசதியுள்ள குடிமக்கள் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்து ஏறத்தாழ 200 கப்பல்களைக் கட்டினார்கள். கி.மு. 241இல் சிசிலியை ஒட்டிய ஏகடீஸ் தீவுகளுக்கு அருகே அந்தக் கடற்படைதான் வென்றது. தோற்ற கார்த்தேஜ் 3,200 தாலந்து (அக்கால எடை அளவு) வெள்ளி இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது.

எனக்குக் கடன் கொடுக்க அப்படி யாரும் இல்லை. ஆகவே இரண்டு படைப்பிரிவுகளைக் கலைத்து ஊரோடு சேர்த்துவிட்டேன். கடன் அடைந்ததும் முதல் செலவு மெசானா துறைமுகத்துக்கு. கடல் வணிகம் பெருகட்டும். கார்த்தேஜின் கையிலுள்ள லிலிபேயம் நகரை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.