பத்து மாச அட்வான்ஸும் ஒரு வரி பெயிண்டிங்கும்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும், அட்வான்ஸ் என்றாலே பத்து மாச வாடகைதான். குரோம்பேட்டையில் எங்களுக்குப் பிடித்த வீட்டிலும் ஓனர் அதையேதான் கேட்டார். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறதே, அதை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் பேசப் போனேன்.

அட்வான்ஸ் மூன்று மாச வாடகையைத் தாண்டக் கூடாது, காலி செய்த ஒரு மாசத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் மூன்று மாசக் கணக்கு செல்லாது என்று அங்கேயே ஒரு வாலும் இருக்கிறது. பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பத்துதான். "எல்லாரும் குடுக்கறதுதானே தம்பி" என்றார் ஓனர். பேசிப் பேசி ஐந்தில் வந்து நின்றது.

அப்புறம் அக்ரிமென்ட். டைப் அடித்து வந்ததில், காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிக்கப்படும் என்று நடுவில் ஒரு வரி. சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், வயரிங், பைப் மாற்றுவது எல்லாம் ஓனர் பொறுப்பு, ஆனால் இங்கேயும் அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் செல்லும். அந்த வரியை எடுக்கச் சொன்னேன், முனகிக்கொண்டே எடுத்தார்.

பதிவு செய்யலாம் சார் என்றதும்தான் முகம் மாறியது. பதினொரு மாச அக்ரிமென்ட்டுக்கு எதற்குப் பதிவு என்றார். எத்தனை மாசமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். அவருக்கு உண்மையில் பயம் பான் நம்பரைக் கொடுப்பதில்தான், வருமான வரி! வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வரிச்சலுகைக்காக என் ஆபீஸிலும் அதே நம்பரைத்தான் கேட்பார்கள் என்றதும், சரி, எப்படியும் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று இறங்கி வந்தார். ஆதார், பான், போட்டோ, அக்ரிமென்ட் எல்லாம் ஏற்றியபின் பதிவு எண் வந்தது, ஆளுக்கொரு பிரிண்ட் எடுத்துக்கொண்டோம். வீட்டைப் பார்க்க வருவதானால் 24 மணி நேரம் முன்னாடி எழுதிச் சொல்ல வேண்டும், தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்பதையும் அப்போதே அவரிடம் காட்டிவிட்டேன்.

குடிவந்ததும் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. அட்டவணையைப் பார்த்தால் வாஷர் குடியிருப்பவர் கணக்காம், நானே வாங்கிப் போட்டேன்.