ஸஹ்லேயில் அரக் காய்ச்சிய நாட்கள்

அக்டோபர் 3
லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் ஸஹ்லே ஊர். அரக் என்பது திராட்சையில் காய்ச்சி, சோம்பு வாசம் ஏற்றும் இந்த ஊர்ச் சாராயம். நண்பரின் வீட்டுக் கொல்லையில் ஒபைதி திராட்சை மூன்று வாரமாகப் பீப்பாயில் நொதித்துக் கிடந்தது. இன்றுதான் முதல் வடிப்பு. செப்புப் பானைக்கும் மூடிக்கும் நடுவே, தம் பிரியாணிக்குச் செய்வது போல மாவைப் பிசைந்து அப்பினார்கள். அரபியில் ‘அரக்’ என்றால் வியர்வை. குழாய் முனையில் துளி துளியாய்ச் சொட்டுவதைப் பார்த்தால் பெயர்க்காரணம் கேட்கவே வேண்டாம். தென்னங்கள்ளில் வடிக்கும் இலங்கைச் சாராயத்தை ஆங்கிலத்தில் ‘அராக்’ என்பதும் இதே சொல்லிலிருந்துதான்.

அக்டோபர் 4
சோம்பு மூட்டையைப் பிரித்தோம். சிரியாவின் ஹீனே ஊரிலிருந்து வந்தது. நம் கடைகளில் சோம்பு என்று தருவது பெரும்பாலும் பெருஞ்சீரகம். இந்த மூட்டையில் இருந்தது வேறு செடி, விதையும் சிறியது. இரண்டிலும் வாசம் தருவது அனெத்தோல் என்ற எண்ணெய்ப் பொருள். நம் அன்னாசிப்பூவிலும் அதுவேதான்.

அக்டோபர் 6
சோம்பைப் போட்டு மறுபடி காய்ச்சினார்கள். அடுப்பைவிட்டு நகராமல் விறகை ஒவ்வொன்றாக இழுத்துத் தணலைக் குறைத்தபடியே இருந்தார் பெரியவர். அவசரப்பட்டால் வாசம் கெட்டுவிடுமாம். முதலில் வந்ததை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். மூக்கில் குத்தியது, கீழே கொட்டிவிட்டார். அப்புறம் வந்தது கண்ணாடி போல் தெளிவு, இனிப்பு வாசம். சாயங்காலம் சொட்டும் துளியே லேசாக வெளுக்கத் தொடங்கியது. சாராயச் சத்து குறையக் குறைய எண்ணெய் கரைந்திருக்க முடியாமல் பிரிகிறது. அதைப் பார்த்ததும் பாத்திரத்தை மாற்றிவிட்டார். அளவுமானி எதையும் அவர் தொடவில்லை. இந்தக் கைப்பழக்கத்தை அருகில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்ததே எனக்குப் பெரிய விஷயம்.

அக்டோபர் 7
சாப்பாட்டு மேசையில் பழைய அரக். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டதும் கண்ணெதிரே பாலாகிவிட்டது. நான் முதலில் ஐஸ் கட்டியைப் போடப்போனேன், பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அனெத்தோல் சுமார் 21 டிகிரிக்குக் கீழே உறையும் பொருள். நேராக ஐஸ் பட்டால் மேலே ஏடு கட்டிவிடும். அதனால் அரக், தண்ணீர், கடைசியில்தான் ஐஸ். ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பை வேறு, பழையதில் எண்ணெய் படிந்திருக்கும் என்பதால்.

புதிய அரக்கை மண் ஜாடிகளில் ஊற்றி வாயை மூடினோம். இனி ஒரு வருடமாவது அப்படியே இருக்கவேண்டும்.