பையன்களை ஏன் கிரவுண்டுக்கு அனுப்புகிறீர்கள்?

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பள்ளிகளுக்கு சுகாதாரக் குழுவோடு போகிற வேலை எனக்கு. வளரிளம் பருவம் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்று சொன்னதுமே பி.டி. சார் பையன்களைக் கிரவுண்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார், மழை கொட்டினால் வராந்தாவுக்கு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

பெண் பிள்ளைகளுக்காவது ஏதோ கொஞ்சம் போய்ச் சேர்கிறது. மாதவிடாய்க்கு அரசு இலவசமாக நாப்கின் கொடுக்கிற புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், ஒன்றில் 6 நாப்கின். ரத்தம் அதிகமாகப் போகிற பிள்ளைக்கு இது காணாது, அப்புறம் துணிதான். துணியை வெயிலில் காயப்போடு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஜூலையில் தேவாலாவில் வெயிலுக்கு எங்கே போவது? எஸ்டேட் லைன் வீட்டில் அப்பா, அண்ணன் கண்ணில் படக்கூடாதென்று பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டது மறுநாளும் சதசதவென்றுதான் இருக்கும், அதையே வைத்துக்கொண்டு வந்து, அரிப்பெடுத்தால் சொல்லவும் கூச்சம். இஸ்திரி போட்டாவது காயவை என்கிறேன்.

பையன்களுக்கு இந்த அளவுகூடக் கிடையாது. எச்.எம். சம்மதித்த பள்ளிகளில் ஆளுக்கொரு சீட்டு கொடுப்பேன், பெயர் வேண்டாம், கேட்க ஒன்றுமில்லாதவன் 'வணக்கம்' என்றாவது எழுதணும், அப்போதுதான் யார் எழுதினான் என்று பக்கத்துப் பையனுக்குத் தெரியாது. அதிகம் வருவது இதுதான்: "தூக்கத்தில் விந்து போனால் ரத்தம் வற்றிவிடுமா?" லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்களும் நள்ளிரவு டிவிக்காரர்களும் கிளப்பிவிட்ட பயம். உடம்பு அதைத் தினமும் உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கிறது, ஒன்றும் குறையாது என்று சொன்னால் சிலர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இன்னொரு சீட்டு: "எங்க அக்கா அந்த மூணு நாளும் ஏன் தனியா படுக்கிறா, வயித்துல காயமா?" பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது, சூலகம் படம் வரைந்து பாகமும் குறிக்கிற பையன்தான் இதையும் கேட்கிறான்.

18 வயதுக்குக் கீழே இருக்கிற பெண்ணோடு அவள் சம்மதத்தோடு பழகினாலும் எல்லை மீறினால் போக்சோ கேஸ்தான் என்பதும் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்க 2012இல் வந்த சட்டம் இது. வீட்டில் சொல்ல முடியாத தொந்தரவுக்குக் கூப்பிடுகிற குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பையன்கள் ஏதோ பெண்களுக்கான நம்பர் என்றே நினைத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் தொந்தரவு நடக்கும் என்று சொன்னால் வகுப்பே கப்சிப்.

சில எச்.எம்.கள் "பசங்களுக்கு வேணாம் மேடம், கெட்டுப்போயிடுவாங்க" என்கிறார்கள். அவன் கையில் போன் இருக்கிறது சார் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.