மணிக்கட்டு நரம்பும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும்: என் அனுபவம்

பாதி ராத்திரியில் கை மரத்துப்போய்த் தூக்கம் கலையும். எழுந்து உட்கார்ந்து உதறினால் கொஞ்சம் தணியும். இது வாரக்கணக்கில் தொடர்ந்ததால் டாக்டரைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, "எந்தெந்த விரல்ல?" என்றுதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலில் ஒன்றுமில்லை. அந்தப் பதிலே அவருக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. அது கைக்குள் ஓடும் மீடியன் என்ற நரம்பு உணர்ச்சி தரும் எல்லை. மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்காக ஓடும் தடித்த பட்டைக்கும் நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறது. 9 தசைநாண்களும் இந்த நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. உள்ளே அழுத்தம் கூடினால் நரம்பு நசுங்கும். இதைத்தான் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

அடுத்தது நரம்புக் கடத்தல் பரிசோதனை. சுள் சுள்ளென்று சின்ன ஷாக் கொடுப்பார்கள். பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் ஷாக் கொடுப்பதற்கு முன்பு கையை நன்றாகச் சூடுபடுத்தினார்கள். ஏன் என்று கேட்டேன். கை குளிர்ந்திருந்தால் நரம்பில் மின் சமிக்ஞை மெதுவாகப் போகுமாம். ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தாலே வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் குறைந்துவிடும். கை சில்லிட்டிருந்தால் நல்ல நரம்பும் நோயுள்ளது போலத் தெரியும். இந்தத் தகவல் பின்னால் எனக்கு ரொம்பவே உதவியது.

முடிவில் மணிக்கட்டைத் தாண்டும் இடத்தில் மட்டும் சமிக்ஞை தாமதமாகிறது, அதன் வலு குறையவில்லை என்று வந்தது. டாக்டர் விளக்கினார். நரம்பு இழையைச் சுற்றி மையலின் என்ற உறை இருக்கிறது. அந்த உறையில் இடைவெளி விட்டு வரும் ரான்வியர் கணுக்களில் சமிக்ஞை தாவித் தாவிப் போவதால்தான் அவ்வளவு வேகம். அழுத்தத்தில் முதலில் கெடுவது பெரும்பாலும் இந்த உறை. உள்ளே இருக்கும் இழை அறுபடாமல் இருந்தால், அழுத்தம் நீங்கியதும் உறை திரும்ப வளரும். இழையே சிதைந்துவிட்டால் அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். என்னுடையது முதல் வகை, ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார். அன்று வீட்டுக்கு நிம்மதியாக வந்தேன்.

பிசியோதெரபியில் முதல் நாள் அல்ட்ராசவுண்ட் மெஷினைத் தொடவே இல்லை. வெந்நீரும் தண்ணீரும் நிரப்பிய இரண்டு சோதனைக் குழாய்களை மாற்றி மாற்றி என் கையில் வைத்து, "இது சூடா, குளிர்ச்சியா?" என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டுக்கொண்டே இருந்தார். உணர்ச்சி மங்கிய இடத்தில் அல்ட்ராசவுண்ட் சூடாக்கினால் நோயாளிக்குத் தெரியாமலே தோல் வெந்துபோகலாம். கர்ப்பமா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, புற்றுநோய் வந்ததுண்டா, ரத்தக் கட்டி உண்டா என்றும் விசாரித்தார். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் மெஷினை ஆன் செய்பவரிடம் நீங்களாகவே இவற்றைச் சொல்லிவிடுங்கள்.

மெஷினின் தலையில் ஒரு படிகம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் அது அதிரும். காதுக்குக் கேட்கும் ஒலியின் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வுகள்; இதுவோ 10 லட்சம், அதாவது 1 மெகாஹெர்ட்ஸ். 3 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் ஆற்றல் தோலுக்கு அருகிலேயே உறிஞ்சப்படும், 1 வைத்தால் இன்னும் ஆழமாகப் போகும். நடுவில் காற்று இருந்தால் ஒலி திரும்பிவிடும் என்பதால்தான் அத்தனை ஜெல். எனக்கு விட்டு விட்டு வரும் முறையில் வைத்தார். 5 பங்கு நேரத்தில் 1 பங்குதான் ஒலி. அதனால் சூடே தெரியவில்லை. மெஷின் ஓடுகிறதா என்று கேட்டேன். அவர் மெஷினின் தலையை நிமிர்த்தி அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது குபுகுபுவென்று கொதிப்பது போல அதிர்ந்து சிதறியது.

மெஷினின் தலையை அவர் ஒரு நொடியும் நிறுத்தாமல் வட்டமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். அதிலிருந்து வரும் ஒலிக் கற்றையின் வலு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஒரே இடத்தில் நின்றால், முக்கியமாக எலும்பின் மேல், ஆழத்தில் குடைவது போல வலிக்கும். "அப்படி வலிச்சா பொறுத்துக்காதீங்க, உடனே சொல்லுங்க" என்றார். சிகிச்சைக்கு வலி தேவையே இல்லை.

இது உண்மையில் பலன் தருமா என்று நேராகவே கேட்டேன். நேராகவே பதில் சொன்னார், அதற்காகவே அவர்மேல் மதிப்பு கூடியது. 1998-ல் வெளியான வியன்னா ஆய்வு ஒன்றில் இரண்டு கையிலும் இந்த நோய் உள்ளவர்களுக்கு ஒரு கையில் உண்மையான சிகிச்சையும் மறு கையில் ஒலி வராத பாவனைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், மொத்தம் 20 முறை. சிகிச்சை பெற்ற கை தெளிவாகவே தேறியது. அவர் எனக்கு வைத்த அளவுகளும் அந்த ஆய்வையொட்டியவைதான். ஆனால் பிறகு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆதாரம் பலவீனமானது என்றே எழுதியிருக்கிறார்கள். "இது ஒரு துணை. ராத்திரி நீங்க போடற ஸ்பிளின்ட்தான் முக்கியம்" என்றார். ஸ்பிளின்ட் என்பது மணிக்கட்டை மடங்காமல் பிடித்து வைக்கும் பட்டை.

அவர் சொன்னதில் காரணம் இருந்தது. மணிக்கட்டு மடங்கினாலே உள்ளே அழுத்தம் ஏறும். தூக்கத்தில் நாம் மடக்கித்தான் படுக்கிறோம். ஸ்பிளின்ட் அதை நேராக வைக்கிறது. கூடவே நரம்பு நழுவுவதற்கான பயிற்சிகள். விரலையும் மணிக்கட்டையும் மெல்ல நீட்டி மடக்கும்போது நரம்பு தன் வழியில் முன்னும் பின்னும் சறுக்கும். மதமதப்பு வரும் வரை இழுக்கக் கூடாது. நீட்டி இழுக்கப்பட்ட நரம்புக்கு ரத்த ஓட்டம் குறையும்.

எனக்கு வைத்ததுபோல் விட்டு விட்டு அல்லாமல், சூடு வைக்கும் முறையில் சிகிச்சை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சூடு பட்டதும் கை இலகுவாகத் தோன்றும், கடத்தல் வேகமும் அந்த நேரத்துக்குக் கூடும். பரிசோதனைக்கு முன் கையைச் சூடுபடுத்தினார்களே, அதே விளைவுதான், ஆறியதும் போய்விடும். உறை சரியாவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். அதனால் மெஷினை எடுத்த உடனே கை எப்படி இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுப்பதை விட்டுவிட்டேன். இரவில் எத்தனை முறை விழிப்பு வந்தது, சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போட முடிகிறதா, இவற்றைத்தான் கவனித்தேன்.

முதலில் தூக்கம் திரும்பியது. விரல் நுனி உணர்ச்சி அதற்கு வெகு நாள் கழித்துத்தான் வந்தது. மறுபடி எடுத்த பரிசோதனையில் தாமதம் குறைந்திருந்தது, ஆனால் முழுவதும் சரியாகவில்லை. அல்ட்ராசவுண்டை நிறுத்திவிட்டார்கள். ஸ்பிளின்ட்டும் பயிற்சியும் தொடர்கின்றன. கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ பொருட்கள் கைநழுவினாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்; அப்படியானால் இழைகளே பாதிக்கப்படுகின்றன என்று அர்த்தம், ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.