ஒரு போல்ட்டும் அரைக் கிலோ படிகாரமும்

கடந்த வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் கியர் கேஸில் (கியர்கள் அடங்கிய அடிக்கூடு) இருந்த நான்காவது போல்ட் துளைக்குள்ளிருந்து, பேனா ஸ்பிரிங்கைப் போலச் சுருண்ட ஓர் இரும்புக் கம்பியை இடுக்கியால் உருவி எடுத்தேன். 8 மி.மீ. போல்ட் ஒன்றில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். உடல் முழுவதும் கரைந்துபோய், மரை மட்டும் அலுமினியப் பள்ளங்களுக்குள் ஒட்டிக்கொண்டிருந்து, நுனியைப் பிடித்து இழுத்ததும் மூன்று சுற்று சேர்ந்தாற்போல வெளியே வந்தது. இருபத்துமூன்று நாட்களாக இந்த ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டியவன் நான். அந்தக் கம்பியை ஒரு மாத்திரை டப்பாவுக்குள் பத்திரமாகப் போட்டு வைத்திருக்கிறேன் என்பதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன்.

மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியத் தயாரிப்பு, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், 15 குதிரைத்திறன். கடலூர் முதுநகரில் ஒரு வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையிலிருந்து வாங்கி, லோடு ஆட்டோவில் புதுச்சேரி முருங்கப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது அந்தக் கொட்டகை சரிந்து, மோட்டார் பல வாரங்கள் ஈர மண்ணில் கிடந்தது என்றும், அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை என்றும் விற்றவர் மறைக்காமல் சொன்னார். கயிற்றை இழுத்தால் சுற்றியது. அழுத்தமானியைச் செருகிப் பார்த்ததில் மேல் சிலிண்டர் 105, கீழ் சிலிண்டர் 100 பி.எஸ்.ஐ. காட்டியது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாயின் கீழ் கிடக்கும் 12 அடி ஃபைபர் படகுக்கு இது தாராளம். நம் பக்கத்து மீன்பிடி ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் நீண்ட வால் டீசல் இன்ஜின்களே ஓடுவதால், அவுட்போர்டைப் பிரித்துப் பழகிய கைகளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அலைவதற்குப் பதிலாக நானே பிரிக்கலாம் என்று இறங்கினேன்.

கியர் ஆயிலை வடித்தபோது பால் அதிகம் ஊற்றிய காப்பியின் நிறத்தில் வந்தது. தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கியர் கேஸ் உள்ள அடிப்பாகமான லோயர் யூனிட்டை இறக்கியது, புரொப்பெல்லர் தண்டை உருவியது, கியர்களில் பல் சேதமில்லை என்று உறுதி செய்தது எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. அடுத்தது இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரை ஏற்றும் வாட்டர் பம்ப். அதன் கூட்டை கியர் கேஸின் மேல்தளத்தோடு நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. மூன்றுக்கு 12 நம்பர் ஸ்பேனர் பொருந்தியது. நான்காவதற்கு 13 நம்பர் தேவைப்பட்டது.

அந்த இடத்திலேயே நான் கையை எடுத்திருக்க வேண்டும். ஜப்பானிய இன்ஜின்களில் 8 மி.மீ. போல்ட்டின் தலை பெரும்பாலும் 12 தான். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் வாங்கும் 8 மி.மீ. போல்ட்டின் தலை 13. அப்படியானால் முன்பு யாரோ பம்பைப் பிரித்து, ஒரு போல்ட்டைத் தொலைத்து, கைக்குக் கிடைத்ததைப் போட்டு இறுக்கியிருக்கிறார். காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் மீதிக் கதையும் தெரிந்திருக்கும்: மற்ற மூன்றும் காந்தத்தில் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இது மட்டும் பட்டென்று ஒட்டிக்கொள்ளும் சாதா இரும்பு. நான் காந்தத்தை எடுத்தது போல்ட் முறிந்த பிறகு.

உப்புத் தண்ணீரில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடும் என்பதும், அதில் அரிபடுவது அலுமினியம்தான் என்பதும் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. உண்மையான தொல்லை அந்த அரிப்பில் விளையும் வெள்ளைப் பொடியால் வருகிறது; கரைந்துபோன அலுமினியத்தைவிட அதிக இடத்தை அது அடைத்துக்கொள்வதால், மரைக்குள் ஆப்பு அடித்ததைப் போல இறுகிவிடுகிறது. சூடாக்கினால் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதை நம்பி, கேஸ் டார்ச்சின் சுடரைச் சுற்றிலும் காட்டினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், 150 டிகிரி சூடு ஏற்றினாலும் 8 மி.மீ. இரும்பு போல்ட்டைச் சுற்றிக் கிடைக்கும் கூடுதல் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மூன்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளும் இரண்டாவது சூட்டிலேயே இளகி வந்துவிட்டன.

நான்காவதும் திரும்பியது. கழன்று வருகிற போல்ட், கையில் ஒரு நறநறப்பைத் தரும். பொடி அரைபடுவது ஸ்பேனரின் பிடி வரைக்கும் தெரியும். இந்தப் போல்ட்டோ வெண்ணெய்க்குள் திருகுவது போல வழுவழுவென்று கால் சுற்று வந்தது, நானும் அதை வெற்றி என்று எண்ணிக்கொண்டு மேலும் அழுத்தினேன். உள்ளே இரும்பு முறுக்கேறி இழுபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சத்தம்கூட இல்லாமல் தலை ஸ்பேனரோடு வந்துவிட்டது. மிச்சம் மேல்தளத்திலிருந்து 4 மி.மீ. கீழே, துளைக்குள்.

அடுத்து நான் செய்தவை எல்லாம் பாடப்புத்தகப் பிழைகள். முறிந்த முகம் சரிவாக இருந்ததைப் பொருட்படுத்தாமல் சென்டர் பஞ்ச் அடித்து 4 மி.மீ. பிட்டை வைத்தேன், அது வழுக்கி, நடுவிலிருந்து ஒதுங்கி, ஒரு பக்கத்து அலுமினியத்தையும் சுரண்டிக்கொண்டு இறங்கியது. அந்தத் துளைக்குள் இடப்பக்க மரை கொண்ட ஈஸி-அவுட்டைச் செருகித் திருகினேன். அந்தக் கருவியைப் பற்றி எனக்கு இப்போது நல்ல எண்ணம் எதுவும் இல்லை. கூம்பு வடிவம் என்பதால், திருகத் திருக அது போல்ட்டைப் பிதுக்கிச் சுவரோடு இன்னும் இறுக்குகிறது. இறுகிப்போன போல்ட்டை எடுப்பதற்கென்று விற்கப்படும் கருவி, இறுக்குவதையே முதல் வேலையாகச் செய்வதை என்னவென்று சொல்வது? அது முறிந்தது. இப்போது துளைக்குள் இருந்தது சாதா இரும்பு அன்று, சாதாரணப் பிட் எதுவும் இறங்காத கடின எஃகு. தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் மின்பொறி கொண்டு அரித்தெடுக்கும் வேலையை விசாரித்தேன்; சொன்ன கூலி மோட்டாரை வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் மீது குறையில்லை, ஒற்றைத் துளைக்காக இயந்திரத்தை அமைப்பதற்கே அரை நாள் போகும்.

வழி கிடைத்தது சம்பந்தமில்லாத இடத்தில். கைக்கடிகாரத்துக்கு வார் மாற்றப் பெரிய மார்க்கெட் பக்கம் போயிருந்தபோது, பழுது பார்க்கும் பெரியவரிடம் பேச்சுவாக்கில் என் துயரத்தைச் சொன்னேன்.

"உள்ள ஸ்குரூ ஒடிஞ்சா நாங்க நோண்ட மாட்டோம் தம்பி. படிகாரத் தண்ணியில போட்டுட்டு வேற வேலையப் பார்ப்போம். பித்தளையத் தொடாது, இரும்ப மட்டும் தின்னும்" என்றார்.

"அலுமினியத்தைத் தொடுமாங்க, ஐயா?"

"அது எனக்கு எதுக்கு? நீ செஞ்சு பார்த்துட்டு வந்து சொல்லு."

அங்கிருந்து நேராக நாட்டு மருந்துக் கடை. அரைக் கிலோ கேட்டதும் கடைக்காரர், "வீடு பூராவும் திருஷ்டிக்குக் கட்டப் போறீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே பொட்டலம் கட்டினார். முறிந்த போல்ட் தலையையும் ஒரு அலுமினியத் துண்டையும் கண்ணாடி டம்ளரில் போட்டு, சூடான படிகாரக் கரைசலை ஊற்றிச் சோதித்தேன். ஒரு நிமிடத்துக்குள் போல்ட் தலையிலிருந்து சோடா பாட்டிலைத் திறந்தாற்போல மணிமணியாகக் குமிழிகள் கிளம்பின. அலுமினியத் துண்டு மறுநாள் காலையில் பளபளப்பை மட்டும் இழந்து கிடந்தது. நினைவில் வைக்க வேண்டியது: ஸ்டெயின்லெஸ் போல்ட் முறிந்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. எந்த மலிவுப் போல்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அதன் மலிவே என்னைக் காப்பாற்றியது.

கியர் கேஸை அப்படியே பாத்திரத்தில் அமிழ்த்திவிடலாம் என்றுதான் முதலில் காயலான் கடையில் ஓர் அகலமான அண்டா வாங்கினேன். அடுப்பு மூட்டும் நேரத்தில்தான், தண்டு இறங்கும் துளைக்குள் அழுத்திப் பொருத்திய ஊசி பேரிங் அப்படியே இருப்பது கண்ணில் பட்டது. அதுவும் எஃகு. அமிழ்த்தியிருந்தால் போல்ட்டோடு பேரிங்கும் போயிருக்கும். ஆகவே கரைசலைப் போல்ட்டிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று: ஓர் அங்குல பி.வி.சி. குழாயில் இரண்டு அங்குல நீளம் அறுத்து, துளையைச் சுற்றிக் கிணற்று உறை போல நிற்கவைத்து, அடியில் எம்-சீல் பூசி ஓர் இரவு காயவிட்டேன். பேரிங்கில் கிரீஸை அப்பி, மேலே துணியைத் திணித்தேன். கால் லிட்டர் கொதிநீருக்கு 75 கிராம் படிகாரம் என்று கரைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு, மருந்துக் கடையில் வாங்கிய 20 மி.லி. சிரிஞ்சால் கிணற்றை நிரப்பி, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பழையதை உறிஞ்சிப் புதியதை விட்டேன். கியர் கேஸின் சூடு ஆறாதிருக்க ஒரு சாண் தள்ளி ஹாலஜன் விளக்கு எரிந்தது. வெளியேறும் வாயு ஹைட்ரஜன் என்பதால் வேலை முழுவதும் திறந்த தாழ்வாரத்தில்தான் நடந்தது. கேஸ் டார்ச்சை வீட்டுக்குள் பூட்டி வைத்தேன்.

உறிஞ்சி எடுக்கும் நீர் வெளிர் பச்சையாக வந்து, தட்டில் சிறிது நேரம் நின்றதும் துருநிறமாக மாறும். அந்தப் பச்சையின் அடர்த்தியைப் பார்த்தே வேலை எவ்வளவு நடந்தது என்று சொல்லிவிடும் அளவுக்கு மூன்றாம் நாளில் தேறிவிட்டேன். இரண்டாம் இரவு சோம்பல்பட்டு, கரைசலை மாற்றாமல் அப்படியே விட்டுத் தூங்கியதன் பலனாக, காலையில் கிணறு முழுவதும் கற்கண்டு விளைந்தாற்போலப் படிகாரப் படிகங்கள் நின்றன. துளையின் வாய் அடைபட்டதால் உள்ளே கரைதலும் நின்றிருந்தது. வெந்நீர் விட்டு அதைக் கரைக்க ஒரு மணி நேரம். அதன் பிறகு தூங்கப்போகும் முன் துளையைக் காலியாக்கிச் சுத்தமான நீரால் நிரப்புவதை வழக்கமாக்கினேன். நான்காம் இரவில், குத்தூசியால் தொட்டபோது ஈஸி-அவுட் துண்டு ஆடியது. காந்தக் கோலில் ஒட்டிக்கொண்டு வந்த அதன் வடிவம், பாதி சப்பிய மிட்டாய் போல் இருந்தது. ஐந்தாம் இரவில் போல்ட் ஒரு மெல்லிய குழாயாகியிருந்தது. ஆறாம் இரவு நடந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஆப்பசோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரில் கழுவி, காற்றடித்து உலர்த்திய பிறகு மரை வெட்டும் 8 மி.மீ. டேப்பைக் கையால் இறக்கினேன். கீழே 11 மி.மீ. மரை புதிது போல இருக்கிறது. மேலே மூன்று மரைகள் ஒரு பக்கம் சிதைந்திருக்கின்றன, அது படிகாரத்தின் குற்றமன்று, என் டிரில்லின் குற்றம். துளையின் ஆழத்தை அளந்து, அடியில் முட்டாத அளவுக்கு நீளமான ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போட முடிவு செய்திருக்கிறேன். அது பிடிக்காவிட்டால் மட்டுமே, சிதைந்த மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச் சுருளான ஹெலிகாயில். மரையில் தடவுவதற்குச் செம்புத்தூள் கலந்த பசையைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். என்ஜின் சைலன்சருக்கு அது சரி. உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு செம்பைச் சேர்ப்பது, தீயை அணைக்க மண்ணெண்ணெய் ஊற்றுவது போன்றது. சாதாரண மரைன் கிரீஸே போதும்.

சீல் வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் சொன்னால் பேரிங் கடையில் பொருத்தமான ஆயில் சீல் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும், உண்மைதான். ஆனால் உதட்டைச் சுற்றியுள்ள மெல்லிய ஸ்பிரிங் சாதா எஃகாக இருந்தால் ஒரே பருவத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும். காந்தத்தை வைத்துப் பார்த்தே வாங்குகிறேன். இந்த வயதிலாவது அந்தப் பழக்கம் வந்ததே. வாட்டர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. பழையதன் இறக்கைகள் ஒரே பக்கம் வளைந்து கட்டைபோல் இறுகிவிட்டன. புதிய ஒரிஜினலுக்குச் சென்னைக்குச் சொல்லியிருக்கிறேன்.

அது வந்து சேர்ந்ததும் 200 லிட்டர் டிரம்மில் ஓட்டிப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் கலந்த பெட்ரோல், அதுவும் டி.சி.-டபிள்யூ3 தரத்து மரைன் ஆயில். பைக்குக்கு விற்கும் டூ-டி ஆயிலை இதில் ஊற்றக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். கார்புரேட்டரை இன்னும் திறக்கவே இல்லை, அதற்குள் மனம் நோணாங்குப்பம் ஆற்றில் ஓட்டுகிறது. பெரியவரிடம் அலுமினியம் தப்பியதைச் சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டிவிட்டு லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டார்.

நேற்று மேல்பாகத்தைத் துடைத்தபோது, தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளில் ஒன்றின் தலை மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது. 13 நம்பர் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது, காந்தமும் ஒட்டியது. இன்னும் திருகவில்லை. தினமும் காலையில் இரண்டு சொட்டு துரு நீக்கி எண்ணெய் விட்டு, சுத்தியலால் தலையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சூடு காட்டி, முதலில் ஒரு மயிரிழை இறுக்கிவிட்டுப் பிறகுதான் தளர்த்துவேன். படிகாரம் 50 கிராம் மிச்சமிருக்கிறது.