சட்டைப் பையில் ஒரு பேட்டரி

கோயம்புத்தூர்க்காரனான எனக்குக் குளிர் என்றால் மார்கழியில் ஃபேனை இரண்டாம் நம்பரில் வைப்பதுதான். அந்தத் தைரியத்தில், உறைபனியைப் படம் எடுக்கலாமென்று ஒரு ஜனவரியில் ஊட்டியில் ரூம் போட்டு, விடியற்காலையில் தலைகுந்தாவில் போய் நின்றேன். புல்வெளி முழுக்க உப்பைத் தூவிய மாதிரி வெள்ளை. முந்தின இரவுதான் முழுசாகச் சார்ஜ் போட்டிருந்தேன். நாற்பது படம்கூட எடுத்திருக்க மாட்டேன், திரையில் சிவப்பு மின்னி கேமரா அணைந்துவிட்டது. பையிலிருந்த இன்னொரு பேட்டரியும் பத்து நிமிடத்தில் கையை விரித்தது.

வெறுத்துப்போய் இரண்டையும் சட்டைப் பையில் போட்டு, மேலே ஜெர்கினை இழுத்து மூடிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். இரண்டு டீ, ஒரு வர்க்கி. திரும்பி வந்து சும்மா போட்டுப் பார்த்தால், பாதி சார்ஜ் காட்டுகிறது!

லித்தியம் அயான் பேட்டரிக்குள் அயனிகள் ஒரு திரவத்தின் வழியாகத்தான் நகர வேண்டும். குளிரில் அந்த நடை தளர்ந்துவிடும், உள்தடை கூடும், வோல்டேஜ் இறங்கும். கேமரா அதைப் பார்த்து 'தீர்ந்துவிட்டது' என்று முடிவுகட்டிவிடுகிறது. சார்ஜ் எங்கேயும் போகவில்லை, உடம்புச் சூட்டில் திரும்பிவிடும். கேமராப் பெட்டியில் 'இத்தனை படம் எடுக்கலாம்' என்று போட்டிருக்கும் கணக்கே சுமார் 23 டிகிரியில் பார்த்ததுதான். தலைகுந்தாப் புல்லுக்கு அது தெரியுமா? ஆனால் ஒன்று, ஜில்லிட்ட பேட்டரியை அப்படியே சார்ஜரில் சொருகக் கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகவே படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

எங்கள் தெரு ஸ்டுடியோ அண்ணன் 'முழுசா தீர்த்துட்டு சார்ஜ் போடு தம்பி' என்பார். அவர் ஃபிளாஷுக்கு நிக்கல் காட்மியம் பேட்டரி போட்டு வளர்ந்தவர், அதற்கு அந்தப் பேச்சு சரி. லித்தியம் பேட்டரிக்கு அது வேண்டாம். அடிமட்டம் வரை இறக்குவதுதான் தேய்மானம். முப்பது, நாற்பது சதவீதத்தில் போட்டுவிடுகிறேன்.

படம் எடுப்பதைவிட எடுக்கக் காத்திருப்பதுதான் பேட்டரியைத் தின்கிறது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை சென்சாரும் திரையும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் உள்ளிருக்கும் கண்ணாடி வழியாகப் பார்ப்பதால் இந்தச் செலவு கிடையாது. அதனால் தானாக அணையும் நேரத்தைப் பத்து நொடிக்குக் குறைத்தேன், வைஃபையை நிறுத்தினேன். எடுத்த படத்தை உடனே பெரிதாக்கிப் பார்க்கும் கெட்ட பழக்கத்தை மட்டும் இன்னும் விட முடியவில்லை.

என் மூன்று பேட்டரிகளிலும் மனைவியின் நெயில் பாலிஷால் 1, 2, 3 என்று எழுதியிருந்தேன். மூன்றாவது, பாதி விலைக்கு வாங்கிய டூப்ளிகேட். அறுபது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று போகும். போன ஏப்ரலில் முழு சார்ஜோடு அதைக் காருக்குள் மறந்து வைத்துவிட்டேன். மூன்று நாள் வெயில். வயிறு உப்பி, கேமராவுக்குள் நுழையவே மாட்டேன் என்றது. குத்தி, அழுத்தி வேலை பார்க்கக் கூடாது, தீப்பிடிக்கும். மின்கழிவு எடுக்கும் கடையில் கொடுத்துவிட்டேன். தலைகுந்தாக் குளிர் தாங்கிய மற்ற இரண்டும் இன்னும் ஓடுகின்றன. மாதக்கணக்கில் வேலையில்லை என்றால் பாதி சார்ஜில் பீரோவுக்குள் வைத்துவிடுகிறேன்.

சட்டைப் பையில் வைப்பவர்கள் சில்லறை, சாவி பக்கத்தில் வைக்க வேண்டாம், முனைகள் இரண்டையும் உலோகம் தொட்டால் ஷார்ட் ஆகிச் சூடேறும். பேட்டரியோடு வந்த மூடி தொலைந்திருந்தால் சின்ன ஜிப் கவர் போதும். என்னுடையதில் லேசாக இட்லிப் பொடி வாசம் அடிக்கும்.